மலக்குடல் புற்றுநோய்: உள்நோக்கி போதுமா, அறுவை வேண்டுமா?

பஹ்ரைன் தலைநகர் மனாமாவுக்குத் தெற்கே, 1960களில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரம் ஈசா டவுன். அங்குள்ள இந்தியப் பள்ளியின் வளாகம் காரணமாக, பஹ்ரைனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான ஊர் அது. அந்நகரில் வசிக்கும் 45 வயதுத் தமிழர் ஒருவர், மலத்துடன் இரத்தம் வருகிறது என்று மருத்துவரிடம் செல்வதாக வைத்துக்கொள்வோம். குடல் உள்நோக்கிப் பரிசோதனையில், அவரது மலக்குடலில் இரண்டு சென்ட்டி மீட்டர் அகலமுள்ள கட்டி ஒன்று தென்படுகிறது. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலையில் இருக்கிறது என்கிறார்கள்.

அவர் முன் இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று, வயிற்றின் வழியாகச் சென்று, மலக்குடலையும் அதைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசுவையும் சேர்த்து அகற்றும் பெரிய அறுவை. மற்றது, ஆசனவாய் வழியாகக் கருவியைச் செலுத்தி, கட்டியை மட்டும் குடல் சுவரிலிருந்து உரித்தெடுப்பது. முதல் வழியில் சென்றவர் வேலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். சிலருக்கு வயிற்றில் பை கட்டிக்கொண்டு வாழ நேரிடும். இரண்டாவது வழியில் சென்றவர் சில நாட்களிலேயே வீடு திரும்பிவிடுவார்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு விடை வெளிப்படையானது போலத் தோன்றும். ஆனால் இந்த இரண்டில் எது தனக்குப் பொருத்தமானது என்பது, பெரும்பாலான வேளைகளில், கட்டியை எடுத்து நுண்நோக்கியின் கீழ் வைத்துப் பார்த்த பிறகே தெரியவருகிறது. மேலும், எளிதாகத் தோன்றும் வழியின் செலவில் ஒரு பகுதி, சிகிச்சை முடிந்த பிறகு வரும் ஐந்து ஆண்டுகளில் செலுத்தப்பட வேண்டியது. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவருக்கு அது சிறிய விடயம் அல்ல.

"மூலம்" என்ற பெயரில்

உலகெங்கும் 2022ஆம் ஆண்டில் சுமார் 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 9 லட்சம் பேர் அதனால் உயிரிழந்ததாகவும் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. வளைகுடா நாடுகளில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. சவுதி அரேபிய ஆண்களிடையே இதுவே முதலிடத்தில் இருக்கிறது. இந்தியாவில் இந்நோயின் விகிதம் மேலை நாடுகளைவிடக் குறைவு. ஆனால் அங்கு நோயாளிகள் இளைய வயதினராக இருப்பதும், பெருங்குடலைவிட மலக்குடலில் நோய் வருவோரின் பங்கு அதிகமாக இருப்பதும், முற்றிய நிலையிலேயே பலர் மருத்துவமனைக்கு வருவதும் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருபவை.

தாமதத்துக்கு ஒரு காரணம், அறிகுறிக்குக் கொடுக்கப்படும் பெயர். மலத்தில் இரத்தம் தென்பட்டால் அது "சூடு" என்றோ "மூலம்" என்றோ எடுத்துக்கொள்ளப்படுகிறது. வளைகுடாவின் வெயிலும், முகாம் சாப்பாடும், தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் அந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கின்றன. மோர் குடித்தும், ஊரிலிருந்து வந்த லேகியம் சாப்பிட்டும் நாட்களைக் கடத்துவோர் உண்டு. உண்மையில், ஆசனவாயில் இரத்தம் வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் மூலமோ வெடிப்போதான். ஆகவே அந்த ஊகம் முட்டாள்தனமானது அல்ல. பார்க்காமலேயே அதை முடிவாக எடுத்துக்கொள்வதுதான் பிழை. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கட்டியில் கணிசமானவற்றை மருத்துவர் கையுறை அணிந்த விரலால் தொட்டே உணர்ந்துவிட முடியும். கூச்சத்தால் தவிர்க்கப்படும் அந்த ஒரு நிமிடப் பரிசோதனை, பின்னால் வரும் தெரிவுகளின் எண்ணிக்கையையே மாற்றக்கூடியது.

வளைகுடாவுக்கு வருவதற்கு முன் ஊரில் செய்யப்படும் விசா மருத்துவப் பரிசோதனை இதில் உதவாது. தொற்று நோய்களைக் கண்டறிவதை முதன்மையாகக் கொண்ட அந்தப் பரிசோதனையில் "தகுதி" என்று முத்திரை பெற்றவர், தமது குடலும் சோதிக்கப்பட்டுவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. அறிகுறி இல்லாதவர்களுக்கான பரிசோதனையை 45 வயதிலேயே தொடங்குமாறு அமெரிக்க நிபுணர் குழு 2021ல் பரிந்துரைத்தது. அபுதாபியில் அந்த வயது 40. இரத்தம் கண்டவருக்கோ இந்த வயதுக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. அவர் எந்த வயதினராயினும் பரிசோதிக்கப்பட வேண்டியவர்.

ஒரு மில்லி மீட்டரின் கணக்கு

சிகிச்சைத் தெரிவைப் புரிந்துகொள்ள, குடல் சுவரின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். சுவரின் உட்புறம் இருப்பது சளிப்படலம். புற்றுநோய் தோன்றுவது அங்குதான். அதற்குக் கீழே, இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடும் தளர்வான அடுக்கு ஒன்று உள்ளது. அதைச் சளிக்கீழ்ப்படலம் எனலாம். அதற்கும் கீழே தசை. தசைக்கு வெளியே, மலக்குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்பு உறை. நிணநீர் முடிச்சுகளில் பெரும்பாலானவை இருப்பது அந்த உறைக்குள்தான்.

புற்றுநோய் சளிப்படலத்தைத் தாண்டாதவரை, அது நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும் வாய்ப்பு இல்லை என்றே கொள்ளப்படுகிறது. அந்நிலையில் கட்டியை முழுவதுமாக உரித்தெடுத்தால் நோய் தீர்ந்தது. இந்த நிலையிலிருப்பதை ஜப்பானிய மருத்துவர்கள் "புற்றுநோய்" என்றே அழைக்க, மேலை நாட்டினரோ அதைப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்று வகைப்படுத்துகிறார்கள். இரு தரப்பின் புள்ளிவிவரங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

நோய் சளிக்கீழ்ப்படலத்துக்குள் நுழைந்து, தசையைத் தொடாமல் இருக்கும் நிலையே டி1 எனப்படுவது. சிக்கல் தொடங்குவது இங்கேதான். 2022ல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்று, 67 ஆய்வுகளில் இடம்பெற்ற 21,000க்கும் மேற்பட்ட டி1 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பெருங்குடல், மலக்குடல் இரண்டையும் சேர்த்த கணக்கில், அவர்களில் 11.2 சதவீதத்தினருக்கு நிணநீர் முடிச்சுகளில் நோய் பரவியிருந்தது. அதாவது, பத்தில் ஒன்பது பேருக்குப் பரவவில்லை, ஒருவருக்குப் பரவியிருந்தது.

உள்நோக்கி நிணநீர் முடிச்சுகளைத் தொடுவதில்லை. எனவே எல்லோருக்கும் உள்நோக்கிச் சிகிச்சை மட்டும் அளித்தால், அந்தப் பத்தாவது மனிதரின் உடலில் நோய் விட்டுவைக்கப்படும். எல்லோருக்கும் பெரிய அறுவை செய்தால், ஒன்பது பேர் தேவையில்லாத நோயற்ற முடிச்சுகளுக்காக மலக்குடலை இழப்பார்கள். அந்தப் பத்தாவது மனிதர் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் முயற்சிதான் இத்துறையில் கடந்த நாற்பது ஆண்டுகால ஆராய்ச்சியின் சாரம்.

நோயியல் வல்லுநர்கள் நான்கு விடயங்களைத் தேடுகிறார்கள். சளிக்கீழ்ப்படலத்துக்குள் நோய் ஒரு மில்லி மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறதா? இரத்தக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ புற்றணுக்கள் நுழைந்திருக்கின்றனவா? அணுக்கள் தமது இயல்பான உருவத்தை வெகுவாக இழந்துவிட்டனவா? கட்டியின் முன்னணி விளிம்பில் அணுக்கள் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து முன்னேறுகின்றனவா? கடைசியாகச் சொன்னதை "அரும்புதல்" என்கிறார்கள். நான்கும் இல்லையென்றால் முடிச்சுகளில் நோய் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

ஆழம் பற்றிய கருத்து அண்மைக் காலத்தில் மாறி வருவது கவனிக்கத்தக்கது. ஒரு மில்லி மீட்டரைத் தாண்டினாலே பெரிய அறுவை என்பது நீண்ட காலம் எழுதப்படாத சட்டமாக இருந்தது. மேற்சொன்ன தொகுப்பாய்வின்படி, ஆழம் மட்டுமே குறையாக இருந்து, மற்ற மூன்றும் இல்லாதவர்களில் முடிச்சுகளுக்கு நோய் பரவியிருந்தது 2.6 சதவீதத்தினருக்கு மட்டுமே. முதியவர் ஒருவருக்கோ, இதயநோய் உள்ளவருக்கோ பெரிய அறுவையின் உயிராபத்தே இதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

இந்த நான்கில் எதையுமே, கிள்ளியெடுத்த சிறு துணுக்கைக் கொண்டு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. எம்.ஆர்.ஐ. படமும் டி1 கட்டியையும் அதற்கு அடுத்த நிலையையும் பிரித்துக் காட்டுவதில் தடுமாறுகிறது. கட்டியின் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகளின் ஒழுங்கைப் பெரிதாக்கிப் பார்த்து ஆழத்தை ஊகிக்கும் முறையை ஜப்பானின் ஷின்-எய் குடோ போன்றவர்கள் வளர்த்தெடுத்தார்கள். பழகிய கண்களுக்கு அது பெரிதும் உதவுகிறது. பழகாத கண்களுக்கு அது ஒரு அழகிய படம் மட்டுமே.

கத்தியின் வழி

மலக்குடல் புற்றுநோய்க்கான பெரிய அறுவையின் வரலாறு 1908ல் லண்டன் அறுவை மருத்துவர் எர்னெஸ்ட் மைல்ஸ் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பேசப்படுகிறது. வயிற்றின் வழியாகவும் ஆசனவாயின் வழியாகவும் அணுகி, மலக்குடலை ஆசனவாயோடு சேர்த்து அகற்றி, வயிற்றில் நிரந்தரமாகச் செயற்கை மலவாய் அமைப்பது அவரது முறை. நோய் அதன் பின்னும் இடுப்புக்குழியில் மீண்டும் தோன்றுவது பல பதிற்றாண்டுகளாக அறுவை மருத்துவர்களை அலைக்கழித்தது. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகர மருத்துவமனையில் பணியாற்றிய பில் ஹீல்ட், 1982ல் அதற்கொரு விடை சொன்னார். மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழிக்காமல், இயற்கையாக அமைந்த பிரிகோட்டின் வழியே முழுமையாக எடுத்துவிடுங்கள் என்பதே அது. சொல்வதற்கு எளிது, செய்வதற்குப் பொறுமை வேண்டும். இந்த முறை பரவியபின், நோய் அதே இடத்தில் திரும்புவது பெருமளவு குறைந்தது. இன்று துளைவழி அறுவையாகவும், இயந்திரக் கைகளின் துணையோடும் அது செய்யப்படுகிறது; அடிப்படை ஹீல்ட் சொன்னதுதான்.

நோயை ஒழிப்பதில் இதற்கு ஈடான வழி இல்லை. முடிச்சுகளும் எடுக்கப்பட்டுவிடுவதால், நோயின் நிலை ஐயமின்றித் தெரிகிறது. விலைதான் அதிகம். குடலை மீண்டும் இணைத்த இடத்தில் கசிவு ஏற்படுவது சுமார் பத்தில் ஒருவருக்கு நடக்கிறது. அதிலிருந்து காக்க, தற்காலிக மலவாய் சில மாதங்களுக்கு வைக்கப்படுவது வழக்கம். சிறுநீர் கழிப்பதிலும் தாம்பத்திய உறவிலும் குறைபாடுகள் ஏற்படலாம். மலக்குடல் என்ற சேமிப்பிடம் போய்விடுவதால், பலமுறை மலம் கழித்தல், அடக்க முடியாத அவசரம், விட்டு விட்டுச் சிறிது சிறிதாக வெளியேறுதல் ஆகியவை தொடர்கின்றன. ஆசனவாயைக் காத்து அறுவை செய்யப்பட்டவர்களில் சுமார் பத்தில் நான்கு பேருக்கு இது கடுமையான அளவில் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இதை லண்டனிலோ டொராண்டோவிலோ தனி வீட்டில், தனிக் கழிவறையோடு வசிப்பவர் எதிர்கொள்வது ஒரு விதம். வளைகுடாத் தொழிலாளர் முகாமில் எதிர்கொள்வது வேறு விதம். ஒரே அறையில் பலர், பலருக்கும் ஒரே கழிவறை, விடியற்காலையில் நிறுவனப் பேருந்துக்கு முன் அங்கே வரிசை. பேருந்தில் ஏறியபின் வேலையிடம் சேரும்வரை இறங்க முடியாது. 45 பாகை வெயிலில், வியர்வையில், வயிற்றில் ஒட்டிய பையின் பசை நழுவும். பையை மாற்றத் தனியிடம் தேடவேண்டும். தொழுகைக்கு முன் தூய்மை பற்றிய கலக்கமும், கோயிலுக்குப் போகலாமா என்ற தயக்கமும் இதோடு சேரும். மலவாய் வைக்கப்பட்டவர் தொழுவதற்கு இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் சலுகை வழங்கியிருக்கிறார்கள் என்பதை அறியாமல் தொழுகையை விட்டுவிடுவோரும் இருக்கக்கூடும். மேலை நாட்டு ஆய்வுகள் "வாழ்க்கைத் தரம்" என்று எண்களில் குறிப்பது, இங்கே வேலையில் நீடிப்பதா ஊர் திரும்புவதா என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

உரித்தெடுக்கும் வழி

பெரிய அறுவையைத் தவிர்க்கும் முயற்சிகளும் அறுவை மருத்துவர்களிடமிருந்தே தொடங்கின. ஜெர்மனியின் கெர்ஹார்ட் பியூஸ், 1980களின் தொடக்கத்தில், ஆசனவாய் வழியாக நுழைக்கப்படும் விறைப்பான குழாயினுள் வாயுவைச் செலுத்தி மலக்குடலை விரித்து, பெரிதாக்கிக் காட்டும் கருவியின் துணையோடு கட்டியை வெட்டியெடுத்துத் தையலிடும் முறையை உருவாக்கினார். கருவி விலை உயர்ந்ததாக இருந்ததால் பரவல் மெதுவாகவே நடந்தது. 2010ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மருத்துவர்கள், சாதாரணத் துளைவழி அறுவைக் கருவிகளையே கொண்டு இதைச் செய்யும் எளிய வடிவத்தை வெளியிட்டார்கள். இவை ஆசனவாய் வழி அறுவைகள். பொதுவாகக் குடல் சுவரின் முழுத் தடிமனையும் வெட்டியெடுப்பவை.

உள்நோக்கி வல்லுநர்களின் பாதை வேறு. கட்டிக்கு அடியில் திரவத்தை ஊசிமூலம் செலுத்தி உயர்த்தி, கம்பிச் சுருக்கை மாட்டி, மின்னோட்டத்தால் அறுத்தெடுப்பது பழைய முறை. சுருக்கின் அளவைவிடக் கட்டி பெரிதாக இருந்தால், துண்டு துண்டாகத்தான் எடுக்க முடியும். ஜப்பானியர்கள் 1990களின் பிற்பகுதியில் இரைப்பைப் புற்றுநோய்க்காக உருவாக்கிய ஈ.எஸ்.டி. முறையில், உள்நோக்கியின் நுனியிலிருந்து நீளும் மெல்லிய மின்கத்தியால் கட்டியைச் சுற்றிக் கோடு கீறி, சளிக்கீழ்ப்படலத்தின் ஊடே அறுத்து, கட்டி எவ்வளவு அகலமானாலும் ஒரே துண்டாக எடுத்துவிடுகிறார்கள். தசை அடுக்கு சேதமின்றி நிற்கும். இரைப்பைக்கு 2006லும், பெருங்குடல் மற்றும் மலக்குடலுக்கு 2012லும் ஜப்பானிய அரசுக் காப்பீடு இதை ஏற்றது.

ஒரே துண்டாக எடுப்பதன் முக்கியத்துவத்தை நோயாளிகள் பலர் உணர்வதில்லை. துண்டு துண்டாக வந்த கட்டியில் எந்த விளிம்பு எதனோடு சேர்ந்தது என்று நோயியல் வல்லுநரால் சொல்ல முடியாது. ஆழத்தை அளக்க முடியாது. முழுவதும் வந்துவிட்டதா என்று உறுதி கூற முடியாது. ஆக, ஐயத்துக்குரிய கட்டியை அவசரப்பட்டுத் துண்டுகளாக எடுத்துவிடும் முதல் மருத்துவர், அடுத்து வரும் எல்லாத் தெரிவுகளையும் மங்கலாக்கிவிடுகிறார். தழும்பு ஏற்பட்ட இடத்தில் இரண்டாவது முறை உரித்தெடுப்பதும் கடினம். பல மருத்துவமனைகளுக்கு அலைவதை வீண் என்று நினைக்கும் குடும்பங்கள், இந்த ஒரு கட்டத்தில் மட்டும் நிதானிப்பது நல்லது.

ஒப்பீட்டில் தெரிவது

இத்தாலியின் அல்பெர்ட்டோ அரெஸ்ஸோவும் சக ஆய்வாளர்களும் 2014ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, மலக்குடலில் இருந்த பெரிய, ஆழமாக ஊடுருவாத கட்டிகளுக்கு ஈ.எஸ்.டி. செய்யப்பட்டவர்களையும், பியூஸின் ஆசனவாய் வழி அறுவை செய்யப்பட்டவர்களையும் ஒப்பிட்டது. மொத்தம் 2,077 பேர். ஒரே துண்டாக எடுக்க முடிந்தது உள்நோக்கியால் 87.8 சதவீதம், அறுவையால் 98.7 சதவீதம். விளிம்புகள் நோயற்றிருந்தது முறையே 74.6, 88.5 சதவீதம். அறுவைக்குச் சாதகமான எண்கள்தான். ஆனால் நோய் திரும்பியது உள்நோக்கிக் குழுவில் 2.6 சதவீதம், அறுவைக் குழுவில் 5.2 சதவீதம். மறுபுறம், பின்னர் வயிற்று அறுவை தேவைப்பட்டவர்கள் உள்நோக்கிக் குழுவில் 8.4 சதவீதம், மற்றதில் 1.8 சதவீதம். இரு தரப்பினரும் தமக்கு வேண்டிய வரியை இதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும் என்பதும், எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் இத்துறையின் கருத்தரங்குகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். இவை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஒப்பீடு அல்ல. தனித்தனி மருத்துவமனைகளின் பதிவுகளைச் சேர்த்தவை.

எண்களுக்குப் பின்னால் இருப்பது கைப்பழக்கம். 2017ல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு, 17,000க்கும் மேற்பட்ட ஈ.எஸ்.டி. சிகிச்சைகளைப் பார்த்தபோது, விளிம்பு நோயற்று எடுக்கப்பட்டவை ஆசிய நாடுகளில் 85.6 சதவீதமாகவும், பிற நாடுகளில் 71.3 சதவீதமாகவும் இருந்தன. கருவி ஒன்றுதான், முறையும் ஒன்றுதான். ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. குடலில் துளை விழுவது சுமார் 5 சதவீதம் என்றாலும், பெரும்பாலானவற்றை உள்நோக்கி வழியாகவே கவ்விகள் இட்டு மூடிவிட முடிகிறது. இந்தக் காரணத்தால், "உங்கள் மருத்துவமனையில் இந்த வசதி உண்டா" என்பதைவிட, "கடந்த ஆண்டு மலக்குடலில் இதை எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை பேருக்கு விளிம்பு நோயற்று வந்தது" என்பதே நோயாளி கேட்கவேண்டிய கேள்வி. வளைகுடாவிலும் சென்னையிலும் விளம்பரப் பலகைகள் முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்கின்றன.

பிரிட்டனில் நடந்த டிரெக் என்ற ஆய்வு, 2021ல் வெளியானது, வேறொரு வழியைச் சோதித்தது. குறுகிய காலக் கதிர்வீச்சுக்குப் பின் ஆசனவாய் வழியாகக் கட்டியை எடுத்தால் மலக்குடலைக் காக்க முடியுமா என்பது கேள்வி. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட 55 பேரில், இந்தச் சிகிச்சை பெற்ற 27 பேரில் 19 பேருக்கு மலக்குடல் காக்கப்பட்டது. கடுமையான பக்கவிளைவுகள் இக்குழுவில் 15 சதவீதத்தினருக்கும், பெரிய அறுவைக் குழுவில் 39 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. சிறிய ஆய்வு என்றாலும், நோயாளிகள் இத்தகைய குலுக்கலுக்கு ஒப்புக்கொள்வதே அரிது என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர மருத்துவர்கள் 2022ல் அறிவித்த முறை இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. மலக்குடலின் தசை இரண்டு படலங்களாக அமைந்திருப்பதைப் பயன்படுத்தி, உள் தசைப்படலத்தையும் சேர்த்து, வெளிப்படலத்தை விட்டுவைத்து, உள்நோக்கியாலேயே உரிக்கிறார்கள். ஆழமாக இறங்கியிருக்கலாம் என்று ஐயுறப்பட்ட 67 பேரில் 81 சதவீதத்தினருக்கு விளிம்பு நோயற்று வந்தது. மறு சிகிச்சை தேவையில்லை என்று சொல்லத்தக்க முழுத் தீர்வு கிடைத்தது 45 சதவீதத்தினருக்கு. பழைய விதிப்படி நேராகப் பெரிய அறுவைக்கு அனுப்பப்பட்டிருக்கக்கூடியவர்கள் இவர்கள்.

அறிக்கை வந்த பிறகு

உள்நோக்கிச் சிகிச்சையை, சிகிச்சையாக மட்டுமன்றி, முழுமையான திசுப் பரிசோதனையாகவும் பார்ப்பதே பொருத்தமானது. எடுக்கப்பட்ட துண்டில் நான்கு குறைகளும் இல்லையென்றால் நோயாளி அங்கேயே நின்றுவிடலாம். குழாய்களுக்குள் அணுக்கள் நுழைந்திருந்தாலோ, அரும்புதல் மிகுந்திருந்தாலோ, விளிம்பில் நோய் இருந்தாலோ, பெரிய அறுவை அப்போதும் காத்திருக்கிறது. முதலில் கட்டியை உரித்துவிட்டு, பின்னர் உரிய காலத்தில் பெரிய அறுவை செய்துகொண்டவர்கள், நேரடியாக அறுவைக்குச் சென்றவர்களைவிட நோய் விடயத்தில் பின்தங்கிவிடவில்லை என்றே இதுவரை வெளியான ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. முழுத் தடிமனையும் வெட்டியெடுத்த இடத்தில் ஏற்படும் தழும்பு, ஹீல்ட் சொன்ன பிரிகோட்டைக் குழப்பி, அடுத்த அறுவையைச் சிரமமாக்கலாம். தசையை விட்டுவைக்கும் ஈ.எஸ்.டி.யில் அந்தச் சிக்கல் குறைவு.

"கேமராவிலேயே எடுத்துவிட்டார்கள், முடிந்துவிட்டது" என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்லப்படும் செய்தி, அறிக்கை வரும்வரை பாதி உண்மை மட்டுமே. மறு அறுவை வேண்டும் என்று பின்னர் மருத்துவர் கூறும்போது, முதல் சிகிச்சை தோற்றுவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள் என்று குடும்பம் எண்ணுவதற்கும் இதுவே காரணமாகிறது. உண்மையில் பரிசோதனை தன் வேலையைச் செய்திருக்கிறது.

மலக்குடல் காக்கப்பட்டவருக்குக் கண்காணிப்பு கட்டாயம். குறைகள் எதுவும் இல்லாதவர்களுக்கு அது சற்றுத் தளர்வானதாக இருக்கலாம். ஆனால் குறை இருந்தும் அறுவையைத் தவிர்த்தவர், முதல் இரண்டு ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை உள்நோக்கிப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. படமும், அதன் பின் ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும் செய்துகொள்ள வேண்டியிருக்கும். திரும்பிய நோயைச் சிறிதாக இருக்கும்போதே கண்டால் அறுவையால் மீட்க முடிகிறது. தாமதித்தால், முதலிலேயே அறுவை செய்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய நிலை திரும்பக் கிடைப்பதில்லை.

வளைகுடாத் தமிழருக்கு இதுவே மிகக் கடினமான பகுதி. ஊர் விடுப்பு பலருக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறைதான் கிடைக்கிறது. வதிவிட அனுமதி வேலையோடு கட்டப்பட்டிருப்பதால், வேலை போனால் நாடும் மருத்துவமனையும் சேர்ந்தே போய்விடும். நிறுவனம் மாறினால் காப்பீடும் மாறும். முன்பே இருந்த நோய்க்குப் புதிய காப்பீடு எந்த அளவுக்குப் பொறுப்பேற்கும் என்பது ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் இருக்கும். பஹ்ரைனில் சல்மானியா மருத்துவ வளாகம், புற்றுநோய் மையத்தைக் கொண்ட மன்னர் ஹமத் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவை உள்ளன. எனினும், ஐந்தாண்டுகள் ஒரே மருத்துவரிடம் தொடர முடியும் என்று ஒப்பந்தத் தொழிலாளி எவராலும் உறுதி கூற இயலாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வர முடியாது என்று முன்கூட்டியே தெரிந்த ஒருவருக்கு, ஏட்டளவில் இரண்டாந்தரமாகத் தோன்றும் பெரிய அறுவையே பாதுகாப்பானதாக இருக்கலாம். இதை மருத்துவர் தாமாகக் கேட்பதில்லை. நோயாளிதான் தமது விசாவின் காலக்கெடுவையும் விடுப்பு நாட்களையும் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

பலர் சிகிச்சைக்காக ஊருக்கே திரும்புகிறார்கள். தமிழ்நாட்டவருக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், 1954ல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், இரைப்பை குடல் அறுவைக்கென்று துறை கொண்ட ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளும் உள்ளன. இலங்கைத் தமிழருக்கு மகரகமவும், நடைபயண நிதியில் உருவாகி 2013ல் திறக்கப்பட்ட தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. முதல் பரிசோதனை ஒரு நாட்டிலும், உரித்தெடுத்தது இரண்டாவது நாட்டிலும், கண்காணிப்பு மூன்றாவது நாட்டிலும் நடப்பது இவர்களிடையே விதிவிலக்கல்ல.

அவ்வாறு நாடு மாறுபவர் தம்முடன் கொண்டுசெல்ல வேண்டியது, ஒரு பக்கத்தில் "முழுவதும் நீக்கப்பட்டது" என்று எழுதிய விடுவிப்புச் சீட்டு மட்டுமல்ல. ஆழம் மில்லி மீட்டரில் குறிக்கப்பட்ட முழு நோயியல் அறிக்கை, உள்நோக்கியில் எடுத்த படங்கள், எம்.ஆர்.ஐ. குறுந்தகடு, எல்லாவற்றுக்கும் மேலாக, திசு பதிக்கப்பட்ட மெழுகுக் கட்டிகளும் கண்ணாடித் தகடுகளும். நோயாளி எழுதிக் கேட்டால் மருத்துவமனைகள் இவற்றைக் கொடுப்பது வழக்கம். அதற்குச் சில நாட்கள் ஆகும். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்டுவிட்டால், வேலூரிலோ தெல்லிப்பழையிலோ இருக்கும் நோயியல் வல்லுநர் அதே திசுவை மீண்டும் பார்த்து, அந்த ஒரு மில்லி மீட்டரைத் தாமே அளந்து சொல்ல முடியும்.